காத்தாடியடியில் நின்றவன்

மைசூர் மண்டி மொஹல்லாவில் அந்த உப்புக் கிடங்கு இருக்கிற சந்துக்குள் லாரி முன்பக்கமாக நுழைந்துவிட்டால் திரும்ப இடம் கிடையாது. பின்னோக்கியேதான் வர வேண்டும். ஒரு பக்கம் பாத்திரக்கடைக்காரர் வெளியே அடுக்கியிருக்கும் அலுமினியக் குண்டான்கள், இன்னொரு பக்கம் குறுக்கும் மறுக்குமாக நிற்கிற ஸ்கூட்டர்கள். எதிலும் இடிக்காமல் லாரியைக் கூப்பிட்டு வருவது ஆறுமுகசாமியின் வேலை. "பர்லி, பர்லி... ஸ்வல்ப எடக்கே... நில்ஸி!" வரட்டும், கொஞ்சம் இடது, நிறுத்து என்று கன்னடத்தில் தொண்டை கிழியக் கத்துவார். கத்துகிறபோது சக்கரத்தைப் பார்ப்பார், பக்கவாட்டில் பார்ப்பார், அண்ணாந்து கரண்டுக் கம்பியைப் பார்ப்பார், மறுபடி சக்கரத்தைப் பார்ப்பார். இவரைப்போலப் பயந்தாங்கொள்ளியைக் கண்டதில்லை என்று டிரைவர்கள் சிரிப்பார்கள்.

மார்கழி பிறந்திருந்தது. கடலில் எங்கோ புயல் சின்னம் என்றால் மைசூரில் மூன்று நாள் தூறல். தூறலில் உப்பு இறக்குவது பெரும்பாடு. ஈரக்காற்று பட்டாலே மூட்டை கசிய ஆரம்பித்துவிடும். கிடங்கு வாசலில் தார்ப்பாயைப் பந்தல்போலக் கட்டி, அதன்கீழே மூட்டையை வாங்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். நாலு மணிக்கு மேல் கை எரியத் தொடங்கும். விரலிடுக்கில் வெடிப்பு இல்லாத ஆள் அந்தக் கிடங்கில் கிடையாது.

ஆறுமுகசாமிக்கு ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் முனைக்காடு. மைசூர் முதலாளி ஒருவருக்கு அங்கே பெரிய உப்பளம் இருந்தது. அங்கே விளைந்த உப்புதான் ஒருகாலத்தில் இந்தக் கிடங்குக்கு வந்தது. அளத்தை மூடிப் பதினைந்து வருஷமாகிறது. இப்போது வேறெங்கிருந்தோ உப்பு வருகிறது. அளத்திலிருந்து மைசூருக்கு வந்த ஆட்களில் மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான்.

வீடு கும்பாரகொப்பலில். ஒரு அறை, ஒரு அடுப்படி. மனைவி பாப்பம்மாளும் முனைக்காட்டுக்காரிதான். காலையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். ஒரே மகள் சோனியா. அவளை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டெம்போ ஓட்டுகிற கிரணுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. சோனியாவுக்கு வீட்டில் புழங்கும் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. படிப்பு, சிநேகிதம், சண்டை எல்லாம் கன்னடத்தில்தான்.

அந்த மார்கழியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வரத் தொடங்கினாள். பெயர் அனகா. சரஸ்வதிபுரத்துப் பெண், கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய தாத்தா ஸ்ரீகண்டன்தான் முனைக்காட்டு அளத்தில் தண்ணீர் இறைக்கும் காத்தாடியைக் கட்டிய இன்ஜினியர். பிறகு முப்பது வருஷம் அங்கே மேனேஜராக இருந்தவர். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காத்தாடியைப் பற்றியும் அளத்தைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதுகிறாள். காத்தாடியில் வேலை பார்த்த ஆள் மைசூரிலேயே இருக்கிறார் என்று முதலாளி வீட்டில் யாரோ சொல்லி, விசாரித்து வந்திருந்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகசாமி வாயைத் திறக்கவே தயங்கினார். அனகா செல்போனைப் பாயின்மேல் வைத்து, "நீங்க சும்மா கதை சொல்ற மாதிரி சொல்லுங்க, ஆறுமுகசாமி அவரே. இது பாட்டுக்கு ரெக்கார்ட் ஆகும்" என்றாள். அரைமணி நேரத்தில் அவர் கை காற்றில் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"காத்தாடிக்கு முன்னால ஆளுதான் மேடம். ஏத்தமரத்துல ஏறி நடக்கணும். எங்கப்பா நடந்தாரு. ஓடைக்குள்ள கடத்தண்ணி ஏறி வரும், அத மேட்டுத் தெப்பத்துக்கு ஏத்தணும். தெப்பம்னா கொளம் மாதிரி. அங்க கெடந்து தண்ணி காயும். பெறகு ஒவ்வொரு பாத்தியா எறங்கி எறங்கி முத்தும். கடைசிப் பாத்தியிலதான் உப்பு. ஏத்துற தண்ணி நின்னா எல்லாம் நின்னுச்சு."

"தாத்தா மொதல்ல மரத்துல கட்டினார்னு சொல்வார்."

"ஆமா, மொதக் காத்தாடி மரம். தோணிக்காரங்ககிட்ட பழைய பாய் வாங்கித் தச்சுக் கட்டினாராம். நான் பொறக்கல அப்ப. ஒரு கச்சானுக்கு, அதான் மேக்காத்துக்கு, தாங்கல, பிச்சுக்கிட்டுப் போய் நாலு பாத்தி தள்ளி விழுந்துச்சாம். எங்கூரு ஆளுக சிரிச்சிருக்காக. ஐயா சிரிக்கல. மறு வருசம் இரும்புல நட்டாரு. நாப்பதடி கோபுரம். பன்னெண்டு தகரக் கை. பின்னால பெரிய வாலு. மீனு வாலு மாதிரி தகடு. காத்து எங்க திரும்புதோ வாலு அங்க திருப்பும். நிறுத்தணும்னா கீழ ஒரு நெம்பு இருக்கும். அத அழுத்திக் கொக்கியில மாட்டிட்டா வாலு மடங்கிக்கிடும், கை சுத்தாது. கொக்கிய அவுத்தா வாலு படார்னு விரியும்."

"கொக்கி யார் கையில?"

"எங் கையிலதான். பதினோரு வருசம்."

பாப்பம்மாள் சுவரோரம் உட்கார்ந்து ஊறவைத்த அவரைப்பருப்பைத் தோலிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். மைசூருக்கு வந்து பழகிய பண்டம். விரலால் அழுத்தினால் பருப்பு பளிச்சென்று துள்ளிப் பாத்திரத்தில் விழும். புருஷன் இவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை. அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. போகும்போது அனகாவுக்கு ஒரு டப்பாவில் பிதுக்கிய பருப்புக் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அனகா மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். காத்தாடியின் உயரம், ஒரு நாளைக்கு ஏற்றிய தண்ணீர், எந்த வருஷம் எத்தனை பாத்தி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சாதாரணமாக அடுத்த வரிக்குப் போனாள்.

"'தொண்ணூத்தி ஏழு ஜூலையில, குடிச்சிட்டு மேல ஏறின இசக்கிமுத்துங்கற தொழிலாளி விழுந்து இறந்துபோனார். அதுக்கப்புறம் காத்தாடிய நிறுத்தி மின்சார மோட்டார் வச்சாங்க.' இது கம்பெனி ஃபைல்ல இருந்துது. சரிதானே?"

பருப்புப் பிதுக்கும் சத்தம் நின்றுபோனதை அனகா கவனித்தாள்.

பாப்பம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வந்தவள் அனகா முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், அது எங்கண்ணன். கூடப் பொறந்தவன்."

"ஐயோ, எனக்குத் தெரியாதே அம்மா."

"நடந்தது நடந்ததுதான். எழுதுங்க, வேண்டாங்கல. பேர மட்டும் போட்றாதீய. எம் மருமகன் வீட்ல தெரியாது. குடிச்சுச் செத்தவன் தங்கச்சின்னு நான் ஊர விட்டு வந்தவ. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், பேரு வேண்டாம்."

உண்மையிலேயே காலைத் தொடப் போனாள். அனகா பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போடல அம்மா. சத்தியமா போடல. இதோ பாருங்க, அழிச்சுட்டேன்" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். பாப்பம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்களும் ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்றாள். அவர் கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முனைக்காட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை இதுதான். இசக்கிமுத்துவும் ஆறுமுகசாமியும் காத்தாடியில் கூட்டு வேலை. அவன் மேலே ஏறி எண்ணெய் போடுவான், இவர் கீழே கொக்கியைப் பார்த்துக்கொள்வார். பாப்பம்மாளை இவருக்கு என்று பேசி முடித்திருந்தது. பூ வைத்தாகிவிட்டது. ஆடியில் ஒருநாள் காலையிலேயே இசக்கிமுத்து குடித்துவிட்டு வந்தான், ஆறுமுகசாமி தடுத்தும் கேளாமல் ஏறினான், விழுந்தான். அளத்து ஆள் குடித்தான் என்றால் எவன் சந்தேகப்படுவான்?

ஒரே ஒருத்தி சந்தேகப்பட்டாள். அவனைப் பெற்ற மாரக்காள். மகனை அளத்து அலுவலக வராந்தாவில் கிடத்தியிருந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் அழவில்லை. குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். "எம் புள்ள வாயில சாராய வாடை இல்ல. வந்து மோந்து பாருங்கய்யா. ஒருத்தராவது வந்து மோந்து பாருங்க" என்றாள். யாரும் வரவில்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணாக இருந்த பாப்பம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "வாய மூடும்மா! செத்தும் நம்ம மானத்த வாங்கிட்டான், நீ வேறயா?" என்று ஊருக்கு முன்னால் தாயை அதட்டினாள். மாரக்காள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு வருஷம் இருந்து போய்ச்சேர்ந்தாள்.

பூ வைத்த கல்யாணம் நிற்கும் என்றுதான் ஊரே நினைத்தது. ஆறுமுகசாமி நிறுத்தவில்லை. "குடிகாரன் தங்கச்சின்னு தள்ளாமக் கெட்டினான் பாரு, மனுசன்" என்றார்கள். அந்த வருஷமே மைசூர்க் கிடங்குக்கு அவரை மாற்றினார்கள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் பாப்பம்மாள் முதல் பிடி சோற்றை அவருக்குக் கொஞ்சம் கூடவே வைப்பாள். அவள் நன்றி அப்படித்தான் வெளியே வரும்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் லாரி இறக்கினார். தூறல் விட்டபாடில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை சரிந்து தரையில் கொட்டியது. அள்ளப் போனவர் குத்தவைத்தபடியே இருந்துவிட்டார். கண்ணை மூடினால் பாப்பம்மாள் அந்தச் சின்னப் பெண்ணின் காலைத் தொடப் போகிறாள். இத்தனை வருஷமும் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: செத்தவனுக்கு இனி என்ன மானம்? அந்த மானத்தை உயிரோடு இருக்கிற ஒருத்தி தினமும் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பார்க்காமல் இருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் முதலாளியிடம் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு சரஸ்வதிபுரத்துக்கு நடந்தார். அனகாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, காலை மிதியடியில் மூன்று தரம் துடைத்தார். சோபாவில் உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"மேடம், இசக்கி குடிக்கல."

அனகாவுக்கு முதலில் புரியவில்லை.

"அன்னைக்கு இங்கேருந்து மொதலாளி குடும்பத்தோட வந்திருந்தாக. காத்தாடி சுத்துறதப் பாக்கணும்னாக. இசக்கி மேல எண்ண போட்டுக்கிட்டிருந்தான். ஒங்க தாத்தா தெப்பத்துக் கரையிலேருந்து துண்ட ஆட்டுனாரு, விடுன்னு. நான் ஒருக்கா கூப்பிட்டேன். கச்சான் காத்து, சத்தம் கேக்கல. எறங்கிட்டான்னு நெனச்சுக் கொக்கிய அவுத்துட்டேன். வாலு விரிஞ்சு அவன அடிச்சுட்டு."

அவர் வாசலில் கழற்றிய செருப்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"பெறகு ஆபீஸ்ல ஐயா சொன்னாரு. 'ஆறுமுகம், நீ கொக்கிய அவுத்தேன்னு எழுதினா உன்னை உள்ள வைப்பாங்க. நான் துண்டு காட்டினேன்னு எழுதினா அளமே மூடும். போனவன் வரப்போறதில்லை'ன்னாரு. கிளார்க் எழுதினாரு, நான் கையெழுத்துப் போட்டேன். 'நான் தடுத்தும் கேளாமல்'னு ஒரு வரி. அது நானாச் சொன்னது மேடம். அவுக சொல்லித் தரல. நானே சேத்துச் சொன்னேன்."

சுவரில் ஸ்ரீகண்டனின் படம் இருந்தது. அனகா அதைப் பார்க்கவில்லை. தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே சொன்னாள்.

"தாத்தா மண்டி பக்கமே போக மாட்டார். எவ்ளோ சுத்தினாலும் வேற ரோட்லதான் போவார். டிராஃபிக் ஜாஸ்தின்னு சொல்வார்." பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். "இதை அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்போ ஏன் எங்கிட்ட வந்தீங்க? ஞாயித்துக்கிழமை அவங்க என் கால்ல விழ வந்தாங்க. எந்த மூஞ்சிய வச்சிட்டு இதை நான் மொதல்ல கேக்கறது? போங்க, ஆறுமுகசாமி அவரே. மொதல்ல அவங்க. புக் எங்கயும் ஓடிப்போகாது."

சின்னப் பெண்ணிடம் விரட்டு வாங்கி வந்ததுபோல அவர் தெருவில் இறங்கினார். குடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கக் கூச்சமாக இருந்தது. நனைந்துகொண்டே நடந்தார்.

பாப்பம்மாள் விடுதியிலிருந்து வந்து, ராகி மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். நனைந்து நிற்கிறவரைப் பார்த்துத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"என்னங்க இந்த நேரத்துல? காச்சலா?"

"வேலைய வச்சிட்டு இங்க வந்து இரி."

"சொல்லுங்க, காது கேக்குது."

"ஒங்கண்ணன் குடிக்கல."

"இப்ப எதுக்கு அது? மேடம்தான் பேரு போடலன்னுட்டாகள்லா."

"பாப்பம்மா, அவன் அன்னைக்குக் குடிக்கல. என்னைக்குமே குடிச்சதில்ல. குடிச்சான்னு எழுதிக் குடுத்தது நானு. காத்தாடிய அவுத்து விட்டதும் நானு."

சல்லடை ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவன் மேல இருக்கும்போதா?"

"ஆமா."

"தெரிஞ்சா?"

"தெரியாம. எறங்கிட்டான்னு நெனச்சேன். மேனேஜர் துண்ட ஆட்டுதாரு, மொதலாளி நிக்காரு... ஒருக்கா கூப்பிட்டேன்."

"மேல பாத்தீயளா?"

"இல்ல."

"கழுத்தத் தூக்கினா தெரியும்லா?"

"தெரியும்."

"பாக்கல."

"பாக்கல."

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். மாவு அப்பிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள், அடிப்பாள், ஓடிப்போய்த் தெருவில் நின்று கத்துவாள் என்று எதையெதையோ எதிர்பார்த்து நின்றார். அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

"எங்கம்மா அவன் வாய மோந்து பாத்தாளே. அப்ப நீ எங்க நின்ன?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. சொன்னதை அவளே கவனித்ததாகத் தெரியவில்லை.

"தலமாட்டுல."

"ஒருத்தராவது வந்து மோந்து பாருங்கன்னாளே. கேட்டியா?"

"கேட்டேன்."

"நான் அவள வஞ்சது?"

"அதுவும் கேட்டேன்."

"கேட்டுட்டு நின்ன."

"நின்னேன்."

வெளியே பக்கத்து வீட்டு சென்னம்மா துணி எடுக்கிற சத்தம் கேட்டது. பாப்பம்மாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பழக்கம்தான். இந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் கதவைத்தான் சாத்துவாள். சாத்திவிட்டு அங்கேயே கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒனக்குச் சோறு போடும்போதெல்லாம், புண்ணியவான், என்னையத் தள்ளலயேன்னு மனசுக்குள்ள கும்பிட்டுப் போட்டேன். அதையும் தின்னுருக்க."

"பாப்பம்மா—"

"பேசாத. நீ செஞ்சது ஒங்கூட. நான் செஞ்சது? பெத்தவ மோந்து பாத்துச் சொன்னா. அவளுக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவன், ஒரு நாளு ஒரு பொழுது தள்ளாடி வந்து நான் பாத்ததில்ல. பாக்காததயெல்லாம் நம்புனேன். எவனோ எழுதுன தாள நம்புனேன். ஊருக்கு முன்னால அவ வாய மூடுனேன். சாவுற வரைக்கும் அவ எம் மொகத்த நேராப் பாக்கல. குடிகாரனப் பெத்த வெக்கத்துலதான் பாக்கலன்னு நெனச்சேன்." அவள் உதடு கோணியது. "எனக்குல்லா வெக்கப்பட்டிருக்கா. இப்படியொரு மகளப் பெத்தமேன்னு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் எங்கயாவது போயிருதேன்" என்றார்.

"எங்க போவ? போனா ஒனக்குச் சுளுவு. போன ஆளப் பத்தி நான் நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணும். வேண்டாம். ஞாயித்துக்கெழம சோனியா வருவா. அவகிட்டச் சொல்லு. அவளுக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

அன்று அவள் களி கிண்டினாள். அவருக்கு ஒரு தட்டில் வைத்து நகர்த்திவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கூடவும் வைக்கவில்லை, குறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனகா வந்தாள். குடையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதும் பாப்பம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கத்தை மாத்தி எழுதியிருக்கேன் அம்மா. தாத்தா துண்டு காட்டினதும் வரும், ஃபைல்ல இருக்கறது பொய்ங்கறதும் வரும். எங்கப்பா வேண்டாங்கறார். ஜெயகிருஷ்ணன்னு தன் பேரை நன்றி பக்கத்துல போடாதேன்னுட்டார். பரவாயில்ல. உங்க அண்ணா பேரு மட்டும் நீங்க சொல்றபடி."

"இப்பப் போடுங்க" என்றாள் பாப்பம்மாள். "முழுப் பேரு இசக்கிமுத்து. மாரக்காள் மகன்னு சேத்துப் போடுங்க. அவதான் மோந்து பாத்தா."

அனகா எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவள் கண்ணாடிக்குள் நீர் கோத்தது. "உங்ககிட்ட நான் என்ன கேக்கறதுன்னே தெரியல அம்மா" என்றாள். பாப்பம்மாள் எழுந்தாள். அந்தப் பெண்ணுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. சோனியா பத்து மணி பஸ்ஸில் வந்தாள். வந்ததும் வராததுமாகப் பாயில் சாய்ந்து, தான் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் செய்கிற அநியாயத்தை ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, "யாக்கம்மா, ஏனாய்த்து?" என்று தாயைப் பார்த்தாள். ஏம்மா, என்ன ஆச்சு?

"அப்பாவக் கேளு."

ஆறுமுகசாமி சுவரில் சாய்ந்திருந்தார். தமிழில் சொல்லத் தொடங்கினார். கச்சான், தெப்பம், நெம்பு, கொக்கி. சோனியா புருவத்தைச் சுருக்கினாள். "அப்பா, அர்த்த ஆகில்லா. கன்னடதல்லி ஹேளி" என்றாள். புரியவில்லை, கன்னடத்தில் சொல்லுங்கள்.

அவருக்குத் தெரிந்தது மண்டிக் கன்னடம். லாரியைக் கூப்பிடத் தெரியும். விலை பேசத் தெரியும். இதற்கு வார்த்தை கிடையாது. தமிழில் சொன்னால் சுற்றி வளைத்துச் சொல்லலாம். காற்றைச் சொல்லலாம், மேனேஜரைச் சொல்லலாம், பயத்தைச் சொல்லலாம். கன்னடத்தில் அவருக்கு வந்ததெல்லாம் மொட்டை மொட்டையாக இருந்தது.

"நிம்ம மாமா குடிதிரலில்லா" என்றார். மாமன் குடித்திருக்கவில்லை.

"நானே பிட்டெ." நான்தான் விட்டேன்.

"மேலெ நோடலில்லா." மேலே பார்க்கவில்லை.

"ஆமேலெ சுள்ளு ஹேளிதெ." அப்புறம் பொய் சொன்னேன்.

நாலு வரியில் முடிந்துபோயிற்று. சோனியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அப்பா திட்டினால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வாளோ அப்படி இருந்தது முகம். ஆனால் இப்போது தலை குனிந்திருந்தது அவர். காலேஜில் சேர்ந்த புதிதில் சிநேகிதிகளோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நேரம் கழித்து வந்ததற்கு, "ஒங்க மாமன் ரத்தம்" என்று அம்மா கன்னத்தில் அறைந்திருந்தாள். அதை நினைத்தாளோ என்னவோ, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அப்பா பக்கம் திரும்பவில்லை.

"அம்மா, மாமா ஹேகித்ரு?" என்று கேட்டாள். மாமா பார்க்க எப்படி இருப்பார்?

பாப்பம்மாள் பேச வாயெடுத்தாள். "ஒசரமா இருப்பான். ஒன்ன மாதிரி கண்ணு. நல்லா நீந்துவான். ஓடைக்குள்ள குதிச்சான்னா அந்தக் கரையிலதான் தல தெரியும். சிரிக்கும்போது மொதல்ல பல்லுதான் தெரியும். முன்னால ஒரு பல்லு பாதி ஒடஞ்சிருக்கும். நண்டு பிடிக்கப் போயிப் பாறையில விழுந்து..." சொல்லிக்கொண்டே வந்தவள் தன் உதட்டில் விரலை வைத்தாள். வலது பக்கம் வைத்தாள். எடுத்து இடது பக்கம் வைத்தாள். மறுபடி வலது. இத்தனை வருஷமும் அந்த முகம் நினைப்பில் வரும்போதெல்லாம் விரட்டி விரட்டி, இப்போது கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது.

ஆறுமுகசாமி சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் போனார். அங்கே இருக்க அவரால் முடியவில்லை.

"உக்காரு" என்றாள் பாப்பம்மாள்.

உட்கார்ந்தார்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்க விருப்பமில்லாமல், வேறு யாரிடமும் கேட்க வழியும் இல்லாமல் கேட்டாள்.

"ஒடஞ்ச பல்லு எந்தப் பக்கம்?"

"எடது" என்றார் அவர். யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "எடது பக்கம்" என்றாள்.